அலசிட்டுச் சொல்றேன்

"தலையக் கொஞ்சம் குனி அண்ணி. இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தா நான் எப்படிப் பார்க்கிறது?"

"நான் எங்க ஆட்டுறேன்? நீ இழுக்கிற இழுப்புக்கு அதுவா ஆடுது."

அந்த இரண்டு நாற்காலி பார்லரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படித்தான் ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்தவள் அண்ணி. சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். சீப்போடு பின்னால் நின்றவள் அவளுடைய நாத்தனார். அந்தக் கடைக்கு முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் அவள் ஒருத்திதான். நாலு வயதில், தூங்கிக்கொண்டிருந்த அண்ணனின் முன்முடியைக் கொத்தாக வெட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் கத்திரி. இப்போது அந்த அண்ணன் தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை, அது வேறு கதை.

அண்ணிக்கும் கத்திரிக்கும் ஒரே வயதுதான், நாற்பத்தைந்து. அதனால் மரியாதை வார்த்தைக்கு மட்டும் இருக்கும், வாய்ச்சண்டை தாராளமாக நடக்கும்.

"ஊர்ல இவ்வளவு தலை இருக்கும்போது என் தலைதான் கிடைச்சுதா உனக்கு?"

"உன் தலைக்குப் பதில் சொல்லிட்டேன்னா, உலகத்துல எந்தத் தலைக்கும் சொல்லிடுவேன்."

விஷயம் இதுதான். அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் ஒரே ஓர் ஆசிரியர் இடம் காலியாகியிருந்தது. சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் பதினைந்து வருட அனுபவம் வேண்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். கத்திரி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொழிலை யார் யார் கடையிலோ நின்று பார்த்துப் பழகிக்கொண்டாள். சொந்தக் கடை போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. சுவரில் மாட்ட ஒரு காகிதம் இல்லையே என்பது மட்டும் அவளுக்கு உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இன்னும் பத்து நாளில் தேர்வு. ஒரு மாடலை உட்காரவைத்து, இது என்ன மாதிரி முடி, இதற்கு என்ன பராமரிப்பு, ஏன் என்று மூன்று பேர் முன்னால் சொல்ல வேண்டும். பிறகு அலங்காரமும் செய்து காட்ட வேண்டும்.

அண்ணியின் முடி, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி இருக்கும். நுனியில் வறட்சி, வேரில் பிசுக்கு. காலையில் எழுந்ததும் உள்ளங்கை நிறைய எண்ணெய் வைத்து, இழுத்துக் கொண்டை போட்டால்தான் அது அடங்கும். அவளுடைய அம்மா பழக்கிவிட்ட பழக்கம், தலைக்குக் குளித்த நாளில்கூட ஈரம் காயும் முன்பே எண்ணெய் ஏறிவிடும், இன்றுவரை ஒருநாள் தப்பியதில்லை.

கத்திரி தெளிப்பானை எடுத்துப் புஸ் என்று அடித்தாள். தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது.

"பார்த்தியா? உள்ளயே போகல. உன் முடி தண்ணி குடிக்காத ரகம் அண்ணி. ஆவி காட்டித்தான் அதோட மேல்தோலத் திறக்கணும். கனமான கிரீம் எதுவும் ஆகாது. மூணு வருஷமா நோட்டுல இதத்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"மூணு வருஷமா ஆவி காட்டினியே, முடி நல்லாச்சா?"

"அது... உன் முடிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஆளு மாதிரியே."

அண்ணி கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உன்ன எங்க பட்டறையில வேலைக்குச் சேர்த்தா, மதியமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஏனாம்?"

"பச்சை நூல் வருதுல்ல, இன்னும் சாயம் போடாதது, அதுமேல மெழுகும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதுமேல தண்ணியச் சொட்டினா இப்படித்தான் முத்தா நிக்கும். அதப் பார்த்துட்டு, இந்த நூல் சாயம் பிடிக்காதுன்னு சீட்டு எழுதுவோமா? முதல்ல கொதிக்கவெச்சு அந்தப் பிசுக்க எடுப்போம். அப்புறம்தான் சொட்டு விட்டு, எத்தன நொடியில உறிஞ்சுதுன்னு எண்ணுவோம். நீ சோதனை பண்ணது என் முடிய இல்ல, நான் காலைல வெச்ச எண்ணெய."

கத்திரிக்குச் சுருக்கென்றது. சீப்பைத் தட்டில் போட்டாள்.

"முடி என்ன நூலா? பதினெட்டு வருஷமா தலையத் தொட்டுத் தொட்டு என் கைரேகையே தேஞ்சிருக்கு. நீ நூலச் சொட்டிப் பார்த்துட்டு எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"பாடம் எடுக்கல. அலசிப் பாருன்னுதான் சொல்றேன்."

"முடியாது போ."

அந்த நேரம் பார்த்து அண்ணன் மூன்று டம்ளர் டீயோடு உள்ளே வந்தார். "என்ன, தலையில தீப்பிடிச்ச மாதிரி ரெண்டு பேரும் இருக்கீங்க?"

"முடி இல்லாதவங்க இதுல பேசக்கூடாது" என்றாள் தங்கை.

"சரிம்மா. ஆனா அலசினா என்ன குறைஞ்சுபோகும்? தண்ணிதானே?"

கத்திரி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு குழாயைத் திறந்தாள். ஷாம்பு போட்டு ஒருமுறை அலசினாள். நுரையே எழவில்லை. இரண்டாவது முறை கொஞ்சம் எழுந்தது. மூன்றாவது முறை நுரை குப்பென்று பொங்கியது. கிரீம் இல்லை, எண்ணெய் இல்லை, மின்விசிறியைக் கூடப் போடாமல் விட்டாள்.

அரை மணி நேரத்தில் முடி தானாகவே காய்ந்துவிட்டது. அவ்வளவு அடர்த்தியான முடி அத்தனை சீக்கிரம் காய்ந்து அவள் பார்த்ததில்லை. காயக் காய அது மெல்ல மேலே ஏறியது, நெளிந்தது, விரல் தடிமனுக்குச் சுருள் சுருளாகத் திரண்டது. கத்திரி தெளிப்பானை அடித்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் தண்ணீர் காணாமல் போயிற்று.

"தாகம்..." என்றாள் கத்திரி மெதுவாக. "இவ்வளவு தாகத்தோட இருந்திருக்கு. வாங்கின தண்ணி நிக்காம உடனே போயிடுது. இதுக்குப் போய் ஆவி காட்டி, லேசான கிரீமா போட்டுக்கிட்டு இருந்தேனே, பாவி."

அண்ணி அதைக் கேட்கவே இல்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சுருட்டை முடியா? நாப்பத்தஞ்சு வருஷமா யாருமே சொல்லலையே!"

"யாரு பார்த்தா சொல்ல? எண்ணெயும் கொண்டையும்தான் தெரிஞ்சுது" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் தயங்கி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். அண்ணி திரும்பிப் பார்ப்பதற்குள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கத்திரி நோட்டைத் திறந்தாள். அண்ணியின் பக்கத்தைக் குறுக்காக அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஈரமாக இருக்கும்போதே கனமான கிரீம். அதன் மேல், நுனிக்கு மட்டும், இரண்டு சொட்டு எண்ணெய், ஈரம் ஓடிப்போகாமல் பூட்டுவதற்கு. காய்ந்த முடியில் சீப்பு கூடவே கூடாது. அதோடு நிற்கவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, எண்ணெய்த் தலையோடு வந்து தன்னிடம் தீர்ப்பு வாங்கிப் போன ஒன்பது வாடிக்கையாளர்களுக்கும் அன்றைக்கே போன் செய்தாள்.

"அக்கா, உங்க முடியப் பத்தி நான் தப்பாச் சொல்லியிருக்கேன்னு நினைக்கிறேன். எண்ணெய் வைக்காம ஒருதரம் வந்துட்டுப் போங்க."

ஒன்பது முறை அதையே சொன்னாள். அண்ணி துண்டை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தப்பைத் தானே ஒன்பது பேருக்கு எடுத்துச் சொல்கிறவளை அவள் பட்டறையில் கூடப் பார்த்ததில்லை.

தேர்வன்று கூடத்தில் ஆறு நாற்காலி, ஆறு கண்ணாடி. மற்ற ஐந்து பேரும் சான்றிதழ் கோப்போடு வந்திருந்தார்கள். தேர்வாளர்களில் மூத்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு குண்டைப் போட்டார்.

"எல்லாரும் நீங்க கூட்டிட்டு வந்த மாடல அடுத்த நாற்காலிக்காரருக்குக் கொடுத்துடுங்க. தெரிஞ்ச தலைக்கு யார் வேணா பதில் சொல்லலாம். நாற்பது நிமிஷம். ஆரம்பிங்க."

அண்ணி பக்கத்து நாற்காலி இளைஞனிடம் போய்ச் சேர்ந்தாள். கத்திரிக்கு வந்த பெண்ணின் முடி நேராக, வழவழவென்று, கண்ணாடிக்குப் போட்டியாக மின்னியது. மற்ற ஐந்து பேரும் தெளிப்பானை அடித்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கத்திரி ஒரு கற்றையை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"மேடம், நான் முதல்ல அலசணும்."

"அலசி, காயவெச்சு... அப்புறம் அலங்காரத்துக்கு நேரம் இருக்காதும்மா. அலங்காரத்துக்கு இருபது மார்க்."

"தெரியுது மேடம்."

"மத்தவங்க பாதி எழுதிட்டாங்க."

"அவங்க எழுதட்டும் மேடம். நான் அலசிட்டுச் சொல்றேன்."

நாற்காலிப் பெண் துள்ளினாள். "என்னங்க இது? காலைல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து முடிய இஸ்திரி போட்டு நேராக்கி, பளபளப்புக்குச் சீரம் தடவி..."

"அழகாத்தாம்மா இருக்கு, கோவிச்சுக்காதீங்க. ஆனா இப்ப என் கண்ணுக்குத் தெரியிறது உங்க சீரம் பாட்டில்தான். உங்க முடிய நான் இன்னும் பார்க்கலையே."

பக்கத்து நாற்காலியில் அண்ணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருபது மார்க் போனால் இவளுக்கு இந்த வேலை கிடைக்காது. மாடல் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது என்று விதி வேறு. சொல்லித் தொலைத்தது நான்தானே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தைந்தாவது நிமிடம் தேர்வாளர்கள் கத்திரியிடம் வந்தார்கள். மாடலின் தலையில் ஒரு கொண்டை கூட இல்லை. முடி முக்கால் ஈரமாகத் தொங்கியது.

"சொல்லுங்க. என்ன முடி?"

"ரெண்டு முடி மேடம்."

"ரெண்டா?"

"பிடரியில இருக்கிறதத் தொட்டுப் பாருங்க. நெளி முடி. தண்ணி ஏற நேரம் எடுக்குது. இஸ்திரிப் பெட்டி அங்க எட்டல, அதனால அது பிறந்தபடியே இருக்கு." ஈரமான ஒற்றை இழையை இரண்டு விரலால் இழுத்தாள். நீண்டது, விட்டதும் பழையபடி சுருங்கியது. "முன்னால உள்ளது சூடு பட்ட முடி. பட்டுனு தண்ணி குடிக்குது, பட்டுனு விட்டுடுது." முன்பக்கத்து இழையை இழுத்தாள். அது நீண்டுகொண்டே போய் அறுந்தது. மாடல் பெண் அந்த அறுந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"பின்னால லேசான கிரீம், கொஞ்சம் வெதுவெதுப்பு, போதும். முன்னால புரதம் கொடுத்துத் தேத்தணும், ஈரத்தைப் பூட்டணும். ஆறு மாசம் சூடே ஆகாது. ஒரே பாட்டில முழுத் தலைக்கும் போட்டா ஒரு பக்கம் பிசுக்கும், இன்னொரு பக்கம் உடையும்."

"ஆமாங்க!" என்றாள் மாடல், தன்னை மறந்து. "அப்படித்தாங்க ஆகுது!"

மூத்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அலசாம எதையும் சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கத்திரி பக்கத்து நாற்காலியைக் கை காட்டினாள். "எங்க அண்ணி மேடம். சாயப்பட்டறையில வேலை. நானும் ரொம்ப நாள் தப்பாத்தான் பண்ணேன். அவங்கதான் திருத்தினாங்க."

அறை முழுக்க அண்ணியின் பக்கம் திரும்பியது. சுருள் முடி தோளில் புரள, அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கண் ஓரம் நனைந்தது. துடைத்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

மாலையில் முடிவை வாசித்தார்கள். அலங்காரத்துக்குக் கத்திரி பெற்றது பூஜ்யம். மற்ற எண்பதிலும் முழு மதிப்பெண், அவளுக்கு மட்டும்; மொத்தத்திலும் அவள்தான் முதல். "திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வந்துடுங்க" என்றார் மூத்த அம்மாள்.

வாசலில் காவலாளி, "வேலை முடிஞ்சுதாம்மா?" என்று சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டார்.

"முடிஞ்சுது. இவங்கதான் உங்க புது டீச்சர்" என்றாள் அண்ணி.

டீக்கடையில், "சர்க்கரை கம்மியா ஒண்ணு, டீச்சருக்குச் சரியா ஒண்ணு."

பேருந்து நிறுத்தத்தில் குழந்தையோடு நின்ற பெண்ணிடமும் சொன்னாள். அந்தப் பெண் பாவம், எந்த வண்டி வரும் என்றுதான் கேட்டிருந்தாள்.

"அண்ணி, போதும். மானம் போகுது."

"இன்னும் ஒரே ஒருத்தர்கிட்ட."

பேருந்தில் கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு டிக்கெட் கொடுங்க. அதுல ஒண்ணு டீச்சருக்கு."

"டீச்சருக்குன்னு தனி டிக்கெட்டெல்லாம் கிடையாதும்மா."

"தெரியும். சும்மா சொன்னேன்."

கண்டக்டர் ஜன்னலோரம் இருந்தவளை ஒருமுறை பார்த்தார். "எந்த ஸ்கூல் டீச்சர்?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் கத்திரி முந்திக்கொண்டாள்.

"முடி டீச்சருங்க" என்றாள், பேருந்து முழுக்கக் கேட்கும்படி.