தஸ்பீஹில் எண்ணிய கரண்ட்

மருதமுனையில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, இரண்டுக்கும் ஒரே மீட்டர். முன்வீடு மூத்தவள் பஸ்னாவுக்குச் சீதனம், பின்வீடு இளையவள் பரீனாவுக்கு. கரண்ட் பில்லைப் பாதிப் பாதியாகக் கட்டிவந்தார்கள். நாலு மாதமாகப் பில் ஏறிக்கொண்டே போனது. பழி பரீனாவின் கம்பியூட்டர் தலையில் விழுந்தது. விழாதா பின்னே? காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த வளவில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்பது அது ஒன்றுதானே.

“இந்த மாசத்தோட அத வித்துரு புள்ள,” என்றாள் பஸ்னா. “டைப் அடிச்சு வாற காசு கரண்டுக்கே போகுது.”

பரீனா கல்முனையில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணக் கார்டும் பரீட்சைத் தாளும் டைப் அடித்துக் கொடுக்கிறாள். கட்டாரில் வேலை செய்யும் அவள் புருஷன் இன்ஷாப் போன கிழமைதான் போனில் சொன்னான்: சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், இந்த வருஷம் லீவும் இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். கம்பியூட்டரும் போனால் வீட்டுச் செலவுக்கு யார் வாசலில் போய் நிற்பது?

மீட்டர் பார்க்க வந்த ஜீவராஜ்தான் வழி சொன்னார். “தங்கச்சி, இந்தச் சிவப்பு லைட் ஆயிரத்தி அறுநூறு தரம் மினுங்கினா ஒரு யூனிட். எல்லாத்தையும் நூத்துட்டு, ஒவ்வொண்டாப் போட்டுக் கால் மணித்தியாலம் எண்ணிப் பாருங்க.”

தங்கச்சி எண்ணினால் ராத்தா நம்பிவிடுவாளா? பஸ்னா திக்ரு எண்ணும் தன் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு மீட்டருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தாள். ஒரு சுற்றுக்கு முப்பத்துமூன்று மணி.

எல்லாவற்றையும் அணைத்தாயிற்று, கம்பியூட்டரின் வயரைக்கூடப் பிடுங்கியாயிற்று. ஆனாலும் சிவப்பு லைட் தன் பாட்டுக்கு மினுங்கியது. கால் மணித்தியாலத்தில் தஸ்பீஹ் மூன்று சுற்றுப் போய் இன்னும் ஒரு மணி. நூறு.

“ராத்தா, எல்லாத்தையும் நூத்தீங்களா?”

“ஓம், எல்லாம் நூத்தாச்சி.”

“ஐஸ் பொட்டியையும்?”

“அத எப்பிடிகா நூக்கிற? குர்பான் இறைச்சி கிடக்கே.”

அதுதான் சங்கதி. நாலு மாதத்துக்கு முந்தி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்த குர்பான் இறைச்சியை வைக்கப் பழசாக வாங்கிய பெரிய ஐஸ் பெட்டி அது. பஸ்னாவின் கணக்கில் அது கரண்டில் ஓடும் சாமானே இல்லை. இறைச்சி இருக்கும் இடம், அவ்வளவுதான்.

பெட்டியை நிறுத்திவிட்டுக் கம்பியூட்டரைப் போட்டு எண்ணினார்கள். ஒரு சுற்று, அதற்குமேல் ஏழு மணி. நாற்பது. அதுவும் எட்டு மணித்தியாலம்தான் ஓடும். பெட்டிக்கு இரவும் இல்லை பகலும் இல்லை. பரீனா கடதாசியில் போட்டுக் காட்டினாள்: கம்பியூட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு, பெட்டிக்கு ஆறு யூனிட். யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடும். பெட்டி தின்ற தீனிக்குக் கம்பியூட்டரும் சேர்ந்து கூடின விலை கொடுத்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாலு மாதமாகக் கேட்ட பேச்செல்லாம் பரீனாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. இன்றைக்கு விடுவதில்லை என்று முன்வீட்டுச் சாமான் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் ரப்பர் கிழிந்து தொங்கியது. உள்ளே ஏழெட்டுப் பொதிகள். ஒவ்வொன்றிலும் பஸ்னாவின் கோணல் எழுத்து: இன்ஷாப்.

“என்ன ராத்தா இது?”

“அவன் வந்தாத் திங்க வேணாமா? ஒவ்வொரு பெருநாளைக்கும் அங்க கிடந்து காயிறான். லீவுல வருவான்தானே எண்டு எங்கட பங்கையும் சேத்து வெச்சன்.”

நாக்கு நுனியில் நின்ற பேச்செல்லாம் எங்கே போனதோ. பரீனா ஒரு பொதியை எடுத்து அந்தப் பெயரைப் பார்த்தாள்.

“அவரு இந்த வருசம் வரல்ல ராத்தா. சம்பளமும் குறைச்சிட்டாங்க.”

பஸ்னா தஸ்பீஹை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு குனிந்து பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டிக்குள் போட்டாள். பெட்டியின் வயரைச் சுருட்டி அதன் மேலேயே வைத்தாள்.

“இத நான் ஆக்கிறன், அக்கம்பக்கத்துக்கும் குடுப்பம்,” என்றாள். “நீ போய் டைப் அடி புள்ள.”