முந்தி வந்த கடிதம்

ஸ்டானிஸ்லாஸ் செத்துப்போனான் என்ற கடிதம் ஆகாய விமானத்தில் வந்தது. அவன் பிழைத்துக்கொண்டான் என்ற கடிதம் நாலு நாள் கழித்துக் கப்பலில் வந்தது.

ராயபுரத்துச் சந்தில் ரங்கூன் கடிதங்களுக்குத் தேதி பார்க்கிற வழக்கமில்லை. எல்லாமே கப்பலில் வருபவை. கடைசியாக வந்ததுதான் கடைசிச் சேதி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஸ்டானிஸ்லாஸின் தம்பி ஹென்றி வாசலிலேயே நின்று உரக்க வாசித்தான். "ஜுரம் விட்டது. கஞ்சி குடிக்கிறேன். இதற்கு அடுத்த கப்பலில் நானே வருகிறேன்."

விமானக் கடிதத்தை எழுதியவன் அண்ணனோடு அரிசி ஆலையில் வேலை செய்த அம்புரோஸ். "வேற எவனோ செத்ததுக்கு எங்கண்ணன் பேர எய்தியிருக்கான் பேமானி! வரட்டும், பல்ல ஒடைக்கிறேன்!"

தங்கை ரோசி அழுதுகொண்டே சிரித்தாள். மாதா சுரூபத்தின் அடியில் கழற்றி வைத்திருந்த தாலியை எடுத்து வந்து அண்ணன் மனைவி சிலுவையம்மாளுக்குக் கட்டினாள். "இன்னா அண்ணி, மரமாட்டம் நிக்கிற? சிரி அண்ணி!"

கடிதம் அப்போது சிலுவையம்மாளின் கையில் இருந்தது. கன்னியர் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். மேல் மூலையில் அவன் கையெழுத்தில் அக்டோபர் 3 என்றிருந்தது. அம்புரோஸின் கடிதத்தில் 7. அதில் ஒவ்வோர் எழுத்தும் அவளுக்கு மனப்பாடம்.

ரங்கூன் ஆயிரம் மைலுக்கு மேல் என்பான் ஸ்டானிஸ்லாஸ். கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, துறை துறையாகத் தொட்டு, அவன் கடிதம் வந்துசேரப் பன்னிரண்டு நாள். விமானமோ ஒரே நாளில் கல்கத்தாவுக்குப் பறந்துவிடுமாம்; அப்புறம் ரயில். அவன் சாவு அவன் கடிதத்தை வழியிலேயே தாண்டி வந்துவிட்டது.

சொல்ல வாயெடுத்தாள். ரோசியின் சூடான விரல்கள் இன்னும் பிடரியில் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தன. கடிதத்தை மடித்து ஹென்றியிடமே நீட்டினாள்.

"தந்தி அடிச்சிக் கேட்டுரலாமா அண்ணி?" என்றாள் ரோசி.

"வேணாம்," என்றாள் பதறி. "கப்பலே வரட்டும். ஏழு நாள்தானே."

தந்தி விமானத்தைவிட வேகம்.

அவன் ஆத்துமத்துக்காகச் சொல்லியிருந்த பூசையை ஹென்றி நிறுத்திவிட்டான். அதுதான் அவளைத் தின்றது. இன்னும் ஏழு நாள் பெண்டாட்டியாக இருக்கும் ஆசையில், மோட்சத்துக்கு முன் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவனைக் காக்கவைத்துவிட்டாள். தாலி மார்பில் படும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். கழற்றத்தான் மனம் வரவில்லை.

ஏழாம் நாள் கப்பல் வந்தது. கடைசி ஆளும் இறங்கினான். அவள் யாரையும் தேடவில்லை.

"இது இல்லாங்காட்டி அடுத்த கப்பலு," என்றான் ஹென்றி. "அப்டித்தான் எய்திக்கீறான், பாரு."

சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். மேல் மூலை கிழிக்கப்பட்டிருந்தது. தேதி இருந்த இடம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"பூசைக்குச் சொல்லிடு ஹென்றி."

"இன்னும் ஒரே ஒரு கப்பலு பாக்கலாம் அண்ணி," என்றவன், சுமக்க முடியாததைச் சுமந்தவன்போல அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்திவிட்டான்.