சுறாவின் இடது காது

எங்கள் பூனைக்குச் சுறா என்று பெயர் வைத்தவன் என் மகன் நோயல். பட்டினப்பாக்கம் மீன் கடை ஓரத்தில் குடல் பொறுக்கித் தின்றுகொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். போன வருடம் செப்டம்பரில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. எதிரே வந்த பஸ் மீதுதான் தப்பு என்று போலீஸே எழுதிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் என் கணவர் பவுல்சாமியைப் பார்த்து, "நீங்க சாவியைக் குடுக்காம இருந்திருந்தா என் புள்ள இருந்திருப்பான்" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், நாக்கு கொஞ்சம் நீளம்தான். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது சாப்பாடு, கரன்ட் பில் அளவில் நின்றுபோனது. மீதிப் பேச்செல்லாம் சுறாவோடுதான்.

இந்த அக்டோபர் கடைசியில் சுறாவின் இடது காது பணியாரம் போல உப்பிவிட்டது. மந்தைவெளி டாக்டர் ஷண்முகப்ரியா தொட்டுப் பார்த்தார்.

"உள்ளே ரத்தம் கட்டியிருக்கு ஆன்ட்டி. காதுல பூச்சி. அரிப்பு தாங்காம தலையை உதறி உதறி ரத்தக்குழாய் உடைஞ்சிடுச்சு."

கீறி ரத்தத்தை வடித்து, மறுபடி சேராமலிருக்கக் காது முழுக்கத் தையல் போட்டார். கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கோன் மாட்டினார். "ரெண்டு வாரம் இதைக் கழட்டவே கூடாது. ஒரு தடவை சொறிஞ்சாலும் போச்சு" என்றார்.

என் கணவர் தினமும் காலையில் காதில் சொட்டு மருந்து விடுவார், கோனின் நாடாவை இறுக்கிக் கட்டுவார். "இன்னும் ஒன்பது நாள்தான்டா ராஜா" என்று அதனிடம் சொல்லுவார். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தப் பூனைமேல் எனக்குப் பொறாமை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். வஞ்சிரக் குழம்பு வைத்தேன். மசாலா போடுமுன் ஒரு துண்டை வெறுமனே வேகவைத்துச் சுறாவுக்குப் போடுவான் நோயல். அவனுக்காக நானும் போட்டேன். கோனின் விளிம்பு தட்டில் இடித்து இடித்து, வாய் எட்டாமல் அது கத்தியது. தின்று முடிக்கும்வரைதானே என்று நாடாவை அவிழ்த்துவிட்டேன். அந்நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ யாசிர், "மேடம், சீக்கிரம் வாங்க, ரோடு பூரா கூட்டமா கீது" என்று குரல் கொடுத்தான். என் கணவர் அதற்குள் ஆட்டோவில் ஏறியிருந்தார்; பூவையும் மெழுகுவத்தியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோனை மறந்தே போனேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் சுவரெல்லாம் ரத்தத் துளிகள். சோபா அடியில் சுறா தலையை உதறிக்கொண்டிருந்தது. தையல் பிய்ந்து காது தொங்கியது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலையில நாடாவை நான் சரியா கட்டல. நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் முடியுது" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. துண்டை எடுத்துச் சுறாவின் காதில் அழுத்திப் பிடித்தேன். டாக்டரிடமும் அவர் அதையே சொன்னார், அப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "உயிருக்கு ஒண்ணும் இல்ல அங்கிள். மறுபடி தையல் போடணும். காது சுருங்கித்தான் ஆறும்" என்று சொல்லிச் சுறாவை உள்ளே தூக்கிப் போனார்.

வெளியே பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குமேல் என்னால் முடியவில்லை.

"கோனை நான்தான் அவுத்தேன். மீன் திங்கட்டும்னு அவுத்தேன், திருப்பி மாட்ட மறந்துட்டேன். நீங்க நல்லாத்தான் கட்டியிருந்தீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நோயல் விஷயத்துலயும் உங்க மேல தப்பு இல்லைங்க. அது எனக்கு அன்னிக்கே தெரியும். யார்மேலயாவது பழி போடணும்னு இருந்துச்சு, நீங்க பக்கத்துல நின்னீங்க."

"அன்னிக்கே தெரியுமா ஐரின்?"

"தெரியும்."

அடக்கத்தன்றுகூட அழாத மனிதர், அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதார். அவர் தோளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை.