மூன்றாவது மாத்திரை

நம்பிக்கைக்கு விலை போட முடியாது என்பது கடையில் உட்காராதவர்கள் பேச்சு. தையல்காரம்மா ஸ்கேன் டாக்டர்மேல் வைத்த நம்பிக்கை அந்த வியாழக்கிழமை ஒரு கையெழுத்துக்கு விலைபோனது. பேரம்கூட நடக்கவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் தம்பி டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் நியூக்ளியர் மெடிசின், அதாவது கதிர்வீச்சு மருந்துப் பிரிவுக்குப் பொறுப்பு. ஸ்கேன் டாக்டரைவிடப் பத்து வயது சின்னவர். அவள் அவரைத் "தம்பி" என்பாள். அவர் அவளை "அக்கா" என்பார். எக்ஸ்ரே, சிடி என்று பாதி ஆயுளைப் படம் பார்த்தே கழித்தவள் இந்த வயதில் மறுபடி மாணவி. மற்ற நாளெல்லாம் தன் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, வியாழன் மட்டும் இங்கே பயிற்சி. அவளுடைய ஆஸ்பத்திரியும் இதே பிரிவைத் திறக்கப் போகிறது. சான்றிதழ் வந்தால் தலைமை நாற்காலி அவளுக்கு. வராவிட்டால் வெளியாளுக்கு.

சான்றிதழ் வாரியமோ மாமியார் ஜாதி. எதைச் செய்து முடித்தாலும் இன்னொன்று கேட்கும். வகுப்பு கேட்டது, போனாள். கதிர்வீச்சுப் பாதுகாப்பில் தேர்வு கேட்டது, எழுதினாள். கடைசியாக, கதிர் அயோடின் மருந்தை மேற்பார்வையில் தன் கையாலேயே மூன்று நோயாளிகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றது. இரண்டு முடிந்திருந்தது. விண்ணப்பத்துக்கு மாதக் கடைசி கெடு. மூன்றாவது ஆள்தான் தையல்காரம்மா.

தைராய்டில் புற்றுநோய் வந்து சுரப்பியை எடுத்தாயிற்று. கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை இந்த மருந்து தேடிப்போய் எரிக்கும். மிச்சம் பசியோடு இருந்தால்தான் மருந்தைத் தின்னும். அதற்காக ஒரு மாதமாக அவளுக்குத் தைராய்டு மாத்திரை இல்லை, அயோடின் உப்பு இல்லை. முகம் ஊதி, குரல் கட்டி, வெயிலிலும் ஸ்வெட்டரோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஊசியில நூல் கோக்கவே அரை நாள் ஆகுது டாக்டர். ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரே பக்கம் ரெண்டு கை வெச்சுத் தைச்சுட்டேன். அந்தம்மா பார்த்துட்டு, 'இன்னொண்ணும் வெச்சிருக்கலாமே, வீட்டு வேலைக்கு ஆகும்'னுட்டாங்க."

ஸ்கேன் டாக்டர் சிரித்துக்கொண்டே கேள்விகளைக் கேட்டாள். தம்பி டாக்டர் மருந்து இருக்கும் ஈயப் பெட்டியை எடுத்துவரப் போயிருந்தார். கர்ப்பம் இல்லை. கைக்குழந்தை இல்லை, மூன்று வயதில் ஒரு வால் மட்டும் உண்டு.

"சமீபத்துல வேற ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா?"

"போன வாரம் வயித்து வலி. உயிர் போச்சு. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கையில ஊசியப் போட்டு ஒரு வளையத்துக்குள்ள தள்ளினாங்க. உடம்பெல்லாம் குபீர்னு ஒரு சூடு! பித்தப்பையில கல்லாம்."

எந்த ஆஸ்பத்திரி என்று அவளே சொன்னாள். ஸ்கேன் டாக்டரின் ஆஸ்பத்திரி.

கற்கள் உடனே ஞாபகம் வந்தன. சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்த கற்கள். "கான்ட்ராஸ்ட் போடலாமா மேடம்?" என்று டெக்னீஷியன் போனில் கேட்டான். "கிட்னி சரியா இருந்தா போடு," என்றாள். தைராய்டைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. படம் பார்க்கிறவர்களுக்குப் பித்தப்பை தெரியும், கல்லீரல் தெரியும், ஆளைத் தெரியாது. கான்ட்ராஸ்ட் என்ற அந்த ஊசி மருந்து முழுக்க அயோடின். கழுத்து மிச்சம் அதைத் தின்று வயிறு நிறைந்து கிடக்கும். அதை இன்று விருந்துக்குக் கூப்பிட்டால் வருமா? இரண்டு மாதமாவது தள்ளிப்போட வேண்டும்.

"அதனால ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"அது வயித்துக்கு எடுத்தது," என்றாள்.

பொய் இல்லை. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய உண்மை.

"நீங்க சொன்னா சரி," என்று ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள் தையல்காரம்மா.

தம்பி டாக்டர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னக்கா, விசாரணை முடிஞ்சுதா? கான்ட்ராஸ்ட்?"

"இல்ல தம்பி."

தையல்காரம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஸ்கேன் டாக்டர் நீட்டிய மாத்திரையை வாங்கி, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினாள். இனி உடம்பில் கதிர் அடங்கும்வரை தனி அறை, பிள்ளையைத் தொடக் கூடாது. தம்பி டாக்டர் பதிவேட்டில் மூன்றாவது வரியில் கையெழுத்துப் போட்டார். "பார்ட்டி எப்போக்கா?"

அன்று ஸ்கேன் டாக்டரின் வீட்டில் கணவர், "தலைவி வராங்க, வழி விடுங்க!" என்று வாசலில் ஒதுங்கி நின்றார். அவள் நேராகப் போய்க் கை கழுவினாள். திரும்பவும் கழுவினாள். "மாத்திரைய நீயா முழுங்கின?" என்றார். மறுநாள் தன் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, இனிமேல் ஊசி போடுமுன் தைராய்டு பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்று கத்தினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான்.

அடுத்த வியாழன், மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டும் படம் வந்தது. கழுத்துப் பக்கம் இருட்டு. மருந்து எதையும் தொடவே இல்லை.

"யூரின்ல அயோடின் வழியுது," என்றார் தம்பி டாக்டர். "எங்கேயோ வாயை வெச்சிருக்காங்க. கூப்பிடுங்கக்கா."

தையல்காரம்மா தன் அக்காவோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த அக்கா பிடித்துக்கொண்டாள். "நாக்கைக் கட்ட முடியலையாடி உனக்கு? உன் புள்ளைய நான் தூக்கித் திரியுறேன், அம்மா எங்கேன்னு அது ஏங்கிச் சாகுது. நீ என்னத்தடி தின்ன?"

தையல்காரம்மா தலையைக் குனிந்தாள். "ஒரே ஒரு பன்னு. பசி தாங்கல. கடையில வாங்கினது, உப்பு இருந்திருக்கும். மன்னிச்சுக்குங்க டாக்டர். நீங்க அத்தனை தடவை சொன்னீங்க."

மன்னிப்புக் கேட்டது ஸ்கேன் டாக்டரைப் பார்த்துத்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பன் பழியைச் சுமக்கும், கையெழுத்து நிற்கும். இதைவிட மலிவாக எந்தச் சந்தையிலும் சரக்குக் கிடைக்காது.

"பன் இல்ல," என்றாள் ஸ்கேன் டாக்டர். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "வயித்து வலிக்கு எடுத்தாங்களே ஒரு ஸ்கேன், அந்த ஊசி. அதைப் போடச் சொன்னதே நான்தான். அன்னிக்கு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

அக்காக்காரிதான் முதலில், "தெரிஞ்சேவா?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"எனக்கு மூணு பேர் வேணும். ரெண்டு பேர்தான் இருந்தாங்க."

தையல்காரம்மா அவளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தம்பி டாக்டர் பக்கம் திரும்பி, "இப்போ நான் என்ன செய்யணும்?" என்றாள்.

"ரெண்டு மாசம் போகட்டும்மா. அப்புறம் மறுபடி ஒரு மாசம் தைராய்டு மாத்திரைய நிறுத்தணும். மறுபடி தனி அறை."

"ஏற்கெனவே ஒரு தடவை நிறுத்தியாச்சே டாக்டர். அதுல ஏதாவது கழிச்சுக்கக் கூடாதா?"

"கழியாதும்மா."

அவர்கள் போனதும் தம்பி டாக்டர் பதிவேட்டைத் திறந்து மூன்றாவது வரியைக் குறுக்கே அடித்தார். மை காயும்வரை நிமிரவில்லை. "வாரியத்துக்கும் நான் எழுதணும், மேடம்."

"அக்கா" என்ற அழைப்பு போய்விட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. "எழுதுங்க," என்றாள்.

வாரியத்துக்கு வேண்டியது மூன்று, கையில் இருப்பது இரண்டு. அதை அடுத்த வருஷம் சரிக்கட்டிவிடலாம், வாரியம் விட்டால். தையல்காரம்மாவின் பக்கத்தில் வீணாய்ப் போன மாத்திரை ஒன்று, காரணமில்லாமல் உடம்பு வாங்கிய கதிர், குளிரில் கழிந்த ஒரு மாதம், பிள்ளையைத் தொடாத நாட்கள். எதிர்ப்பக்கத்தில் வரவு, ஸ்கேன் டாக்டர் இன்னும் கேட்காத ஒரு மன்னிப்பு. எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் நேர் ஆகவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது.