அடைக்காத அறை

மாடிப்படியின் திருப்பத்தில் அப்பாவின் கால் சுவரில் இடித்தது.

"மெதுவாங்க, மெதுவா!" என்று பதறினாள் நந்தினி. இனி அந்தக் காலுக்கு வலி ஏது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"யாராச்சும் வர்றதுக்குள்ள கீழ போயிரணும் புள்ள. மாடில உசிரு போச்சுன்னு தெரிஞ்சா எவன் வந்து தங்குவான்? சீசனே போச்சு" என்றான் கோகுல். அழுதுகொண்டேதான் சொன்னான். மாமனார் மேல் பாசம் இல்லாதவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது.

அப்பா வேலுசாமி கட்டிய மாடி வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. ஏரிக்கரைச் சந்தடி எட்டாத தெரு. அமைதிக்காகவே தேடி வருவார்கள். கட்டின மனுசன் ஒரு நாள்கூட அங்கே படுத்ததில்லை. இன்று காலை விரிப்பு மாற்றப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். நந்தினி ஓடிப்போய்த் தாங்கியபோது, "வர்றவங்க கட்டிலு கண்ணு, கசங்கிரும்" என்று எழப் பார்த்தார். அவ்வளவுதான், ஆட்டோவுக்குப் போன் போடக்கூட நேரமில்லை.

கீழே அவர் அறையில் கிடத்தி, முகம் துடைத்து, அதன் பிறகே அக்கம்பக்கத்துக்குச் சொன்னார்கள். சேலத்திலிருந்து பாப்பாத்தி அத்தை வந்தாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும், காலண்டரைப் பார்க்கச் சொன்னாள்.

"சதயமா? அட கடவுளே, அடைப்பு இருக்குதே! உசிரு பிரிஞ்ச ரூமை ஆறு மாசம் பூட்டி வெக்கோணும். அந்தியானா ஒரு விளக்கு, ஒரு சொம்பு தண்ணி. வேற யாரும் அங்க பொழங்கப்படாது. இல்லீன்னா எங்க அண்ணன் போக்கிடம் இல்லாம அலைவாரு." மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "எந்த ரூம்ல போச்சு?"

கோகுல் நந்தினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இங்கதானுங்க அத்தை. இதே ரூம்ல" என்றான் அவன்.

ஒரு வார்த்தை, மாடியில் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி மகள்.

காரியம் முடிந்தது. கீழ் அறைக்குப் பூட்டு வந்தது. அந்தியில் நந்தினிதான் திறந்து விளக்கும் சொம்புத் தண்ணீரும் வைத்தாள். அந்த அறையில் யாரும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மாடி காலியாகக் கிடந்த மத்தியானங்களிலோ தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"குரங்கா இருக்கும், விடு" என்றான் கோகுல்.

"ஜன்னலெல்லாம் சாத்தித்தானுங்க கெடக்குது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போய்விட்டான்.

சீசன் தொடங்கி முதலில் வந்தது சென்னையிலிருந்து ஒரு இளம் ஜோடி. கிளம்பும்போது அந்தப் பெண் நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்படித் தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமாக்கா! யாரோ பக்கத்துல காவலுக்கு இருக்கிற மாதிரி இருந்துச்சு."

நந்தினி சிரித்து வைத்தாள். கார் தெருமுனை திரும்பியதும் மாடிக்கு ஓடினாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிலில் பாதி கலைந்து கிடந்தது. சுவரோரப் பாதியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கமாக ஒடுங்கிப் படுத்திருக்கிறார்கள்.

"அப்பா" என்றாள். "உங்க இடத்துல ஊர்சனத்தைப் படுக்க வெச்சுட்டேங்கப்பா."

கையிலிருந்த போன் அடித்தது. "ஏற்காடு ஹோம் ஸ்டேங்களா? அடுத்த வாரம் ரூம் கிடைக்குமா?"

கோகுல் வந்தால் ஊட்டையே ரெண்டாக்குவான். ஆக்கட்டும்.

"இல்லீங்க" என்றாள். "ஆள் தங்கியிருக்காங்க."

"எப்பங்க காலி பண்ணுவாங்க?"

"ஆறு மாசமாகுமுங்க."

போனை அணைத்துவிட்டுக் கலைந்த விரிப்பை உருவினாள். புதியதை விரித்துப் போர்வையின் ஒரு முனையை மடித்துவிட்டாள், வெளியே போன அப்பா வந்ததும் காலை நீட்டிப் படுக்கத் தோதாக.