ஏற்கெனவே இருந்தது

அவள் வேலை பார்த்த நாளிதழில் சாவுச் செய்திக்கு ஒரு வார்ப்பு இருந்தது. வயதை மாற்றி, தெருவை மாற்றி, "சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று முடித்தால் போதும். தொற்று பரவத் தொடங்கியபோது அதன் வாலில் இன்னொரு வரியை ஒட்டவைத்தவள் அவள்தான்: "அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தது." சர்க்கரை இல்லையென்றால் ரத்த அழுத்தம், அதுவும் இல்லையென்றால் முதுமை. திடமாக இருப்பவர்களாவது பயமில்லாமல் தூங்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தாள். ஆசிரியர் மெச்சிக்கொண்டார். அதன் பிறகு அந்த வரி இல்லாமல் அந்தப் பேப்பரில் ஒருவரும் சாகவில்லை.

ஊரடங்கில் அலுவலகம் அவளுடைய ஒற்றை அறைக்கே வந்துவிட்டது. பேச்சுத்துணைக்கு இருந்தது அண்ணன் மட்டும்தான். ஊரின் மறுகோடியில், பூட்டிக் கிடந்த தன் லேத் பட்டறைக்கு மேலே தனியாக இருந்தார். கல்யாணம் இருவருக்குமே கைகூடவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதும் இல்லை. தினமும் காலையில் போன் செய்து, அவள் தயாரித்த பேப்பரை அவளுக்கே வானொலிக்காரர் குரலில் வாசித்துக் காட்டுவார். பிழை கண்டால் தங்கச்சியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வார். அந்தக் குரலில்தான் அவளுக்குப் பொழுது விடிந்தது. சாவுச் செய்திகளில் மட்டும் கடைசி வரியை விழுங்கிவிடுவார். அலுப்பில் விடுகிறார் என்று நினைத்தாள்.

ஒருநாள் வாசிப்பு பாதியில் நின்று மூச்சு வாங்கியது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் காய்ச்சல் வந்து நாலைந்து நாளாகிறது என்று ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினாள், திட்டினாள். மசியவில்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. உங்க பேப்பர்லயே தெனமும் போடறாங்களே, எங்கள மாதிரி ஆளுங்க எப்படியும் போறவங்கதான்னு. அந்தப் படுக்கைய வேற யாருக்காவது குடுக்கட்டும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடப்போவது தவளையின் அண்ணன்.

"அத எழுதினது நான்தாண்ணா. மத்தவங்க பயப்படக் கூடாதேன்னு சும்மா எழுதினேன். அத நம்பி நீ இருந்துடாதண்ணா."

போனில் சிரிப்பும் இருமலும் கலந்து வந்தன.

"நீயா? அதான் அந்த வரியில மட்டும் பிழையே இல்ல."

அவளுக்காக அன்று மாலையே ஆம்புலன்சில் ஏறினார்.

அந்த வாரம் முடியும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. கட்டிக்கொண்டு அழ ஆள் இல்லாததால் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆசிரியர் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இந்தச் செய்தியை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து எழுதி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். தயங்கித் தயங்கி, கடைசி வரி விட்டுப்போயிருக்கிறது, அண்ணனுக்கு ஏற்கெனவே ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

"இருந்தது சார். பேப்பர்ல எழுதற தங்கச்சி ஒருத்தி இருந்தா. முடிஞ்சா அதப் போடுங்க."

அவர் அதையும் போடவில்லை, எதையும் போடவில்லை. செய்தி வாலில்லாமலே வந்தது.

மறுநாள் காலையில் போன் அடிக்கும் நேரம் வந்து போயிற்று. அவள் பேப்பரை விரித்து, அண்ணனின் வானொலிக் குரலில் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தாள். பிழை ஏதாவது இருக்கிறதா என்று திரும்பவும் வாசித்துப் பார்த்தாள். ஊர்ப் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை.