காபி கிடையாது

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு காபித் தட்டோடு உள்ளே நுழைந்த பிறகுதான் கர்னல் கெர்ஸ்லேக்கின் முகத்தைப் பார்த்தேன். எழவு வீட்டுக்குள் பிறந்தநாள் கேக்கோடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "பாஸ்கோ, ட்ரெம்லெட் வர்றார். காபி கிடையாது." நான் அப்போது சமையற்கூடத்துச் சாக்கடை அடைப்பைப் பற்றித் தொலைபேசியில் ஒருவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டினேன். கர்னலின் உதவி அதிகாரியாக நான் குறையில்லாமல் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

எங்கள் படைப்பிரிவில் ஓர் அதிகாரியைக் கர்னல் கூப்பிட்டனுப்பினால், அவர் மனைவிகூட முதலில் கேட்பது "காபி உண்டா?" என்றுதான். காபி வந்தால் நாற்காலி உண்டு, தொப்பியைக் கழற்றலாம், நடப்பது வெறும் பேச்சு. வராவிட்டால் தொப்பியோடு விறைத்து நிற்க வேண்டும். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

மேஜர் ஹ்யூ ட்ரெம்லெட் விறைத்துத்தான் நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கர்னல் வாயைத் திறந்து, மூடினார். மேசைக்கு வந்துவிட்ட காபியைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் எங்கள் நாட்டில் எவனுக்கும் கிடையாது.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நடைக்கூடத்து பெஞ்சில் சார்ஜென்ட் ஆக்டன் இஸ்திரி கலையாத உடுப்பில் உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை அவருடையது.

"சார், இப்ப உள்ள கொண்டுபோனது காபியா?"

"ஆமா."

"அப்ப அவருக்கு ஒண்ணுமில்ல. அடி எனக்குத்தான்."

"மறதியில கொண்டுபோயிட்டேன், சார்ஜென்ட்."

"மறதியில குடுத்தா மட்டும் கசக்குமா, சார்?"

போன மாதம் வேல்ஸ் மலைகளில் பயிற்சி. மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. ஆக்டன் தன் ஆட்களைக் கயிற்றைப் பிடித்து இறங்கச் சொன்னார். லோமாக்ஸ் என்ற சிப்பாயை வெள்ளம் இழுத்துப் பாறையில் அடித்ததில் தொடையெலும்பு இரண்டாகிவிட்டது. வானொலியில் மேஜர் உத்தரவு போட்டதால்தான் இறங்கினோம் என்றார் ஆக்டன். கேட்ட சாட்சி யாருமில்லை. "நினைவில்லை" என்றார் மேஜர். பழி ஆக்டன் மேல் விழுந்தால் சார்ஜென்ட் பட்டையும் போகும், வேலையும் போகும்.

"வீட்டுக்காரி நேத்தே அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்துட்டா. குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவாங்கல்ல," என்றார் ஆக்டன்.

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ட்ரெம்லெட்டை எனக்குப் பிடிக்கும் என்பதுதான் சிக்கலே. தளபதி ஒருவரின் மகன். எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். அன்றிலிருந்து சொந்த வீட்டுச் சாவி என்று ஒன்றை வைத்திருந்ததில்லை. பெல்ஃபாஸ்ட், பாஸ்ரா, ஹெல்மாண்ட் என்று போர்முனைகளுக்குப் போய்வந்து, ஒரு பதக்கமும் வாங்கியவர். இருபத்தைந்து வருடமாகக் காத்திருந்த பட்டாலியன் தலைமை அடுத்த மாதம் அவர் கைக்கு வர இருந்தது. எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஹெல்மாண்ட் எப்படி இருந்தது என்றால், "தூசி ஜாஸ்தி" என்பார். ஏன் மறுமணம் செய்யவில்லை என்றால், "நாய் சம்மதிக்கல" என்பார்.

உள்ளே கரண்டி கோப்பையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு மேஜரின் குரல், தாழ்வாக, நிறுத்தாமல். பெஞ்சில் ஆக்டனின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று கர்னல் குரலை உயர்த்தினார்.

"ஹ்யூ, போதும். இதுக்கு மேல என் காதுல விழுந்தா நான் அறிக்கையில எழுதியாகணும்."

"எழுதுங்க, சார்."

ஆக்டனின் முழங்கால் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. மேஜர் தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். "சார்ஜென்ட், வீட்டுக்குப் போங்க. ஆத்துல இறங்கச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன்."

ஆக்டன் எழுந்து சல்யூட் அடித்தார். வெறுந்தலையோடு இருப்பவர் பதில் சல்யூட் வைக்க முடியாது. மேஜர் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

தூறலில் அணிவகுப்பு மைதானத்தின் பாதிவரை அவர் பின்னால் ஓடினேன்.

"சார், அந்தக் காபி என் தப்பு. கர்னல் வேணாம்னுதான் சொல்லியிருந்தார்."

"தெரியும். அவர் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுமா உக்காந்தீங்க?"

"பிஸ்கட் நல்லா இருந்துச்சு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "காபி வரலேன்னா சொல்லியிருப்பீங்களா, சார்?"

மைதானத்துக்கு அப்பால் ஆக்டன் குடியிருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு ஒரே ஓட்டம். மேஜர் அதைக் கடைசிவரை பார்த்தார். மழை அவர் நரைத்த தலையில் இறங்கி, புருவத்தில் தேங்கி நின்றது. நான் அடுத்த தமாஷுக்காகக் காத்திருந்தேன்.

"சொல்லியிருக்க மாட்டேன், பாஸ்கோ," என்றார். "விறைச்சு நின்னு, கேட்டதுக்கு 'நினைவில்லை'ன்னு முடிச்சிருப்பேன். அந்த ஆள வேலைய விட்டு அனுப்பிட்டு பட்டாலியன வாங்கியிருப்பேன். நல்லாவே நடத்தியும் இருப்பேன்."